ராணிப்பேட்டைக் கார், காட்பாடி வாசல்: ஸ்போர்ட்ஸ் கார் குத்தகையைக் கைமாற்றிக்கொள்ளலாமா?

என் சித்தி மகன் காட்பாடியில் மருத்துவமனை நடத்துகிறான். நான் சத்துவாச்சாரியில் வரிக் கணக்கு பார்ப்பவன். சென்ற மாதம் ஒரு மாலை அலுவலகத்துக்கு வந்தவன், நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கைபேசியை என் முன்னால் நீட்டினான். திரையில் ஒரு பி.எம்.டபிள்யூ. இசட்4. இரண்டே இருக்கைகள், மடக்கும் துணிக் கூரை, மூன்று லிட்டரில் ஆறு சிலிண்டர் எஞ்சின்.

"அண்ணா, ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி செய்பவர் ஒருவருடைய வண்டி. லீசில் எடுத்திருக்கிறார். முன்பணம் எதுவும் வேண்டாமாம். மீதி 22 மாதத் தவணையை நான் கட்டினால் போதும், வண்டி எனக்கு என்கிறார். மாதம் இரண்டேகால் லட்சம்."

விற்பவரை எனக்கு நேரில் தெரியாது. ஆனால் அவருடைய நெருக்கடி தெரிந்ததுதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருள்களுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி விதித்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரம் பட்ட பாட்டை என் மேசைக்கு வந்த கணக்குப் புத்தகங்களிலேயே பார்த்தேன். ஆர்டர் நின்றால் முதலில் கண்ணை உறுத்துவது வாசலில் நிற்கும் ஆடம்பர வண்டியின் தவணைதான். அவர் அதைக் கைமாற்ற நினைப்பதில் தவறில்லை. எப்படிக் கைமாற்றுகிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தம்பிக்காக ஒரு வாரம் உட்கார்ந்து போட்ட கணக்கையும் ஒப்பீட்டையும், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் 'லீசு' என்ற சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். நம் பக்கத்தில் வீட்டை லீசுக்கு எடுத்தேன் என்றால் போக்கியம் என்றுதான் பொருள். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுப்போம், மாத வாடகை கிடையாது, காலம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது அந்தத் தொகை அப்படியே திரும்பி வரும். கார் குத்தகை அதற்கு நேர் எதிர். மாதாமாதம் கட்டுவது முழுவதும் வாடகை. ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. காலம் முடிந்ததும் வண்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், அல்லது ஒப்பந்தத்தில் முன்கூட்டியே எழுதப்பட்ட எச்ச மதிப்பைக் கட்டி வாங்கிக்கொள்ளலாம். தம்பியோ 22 மாதம் கட்டினால் வண்டி தன்னுடையதாகிவிடும் என்று நினைத்திருந்தான். ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் 36 லட்சம் என்ற எச்ச மதிப்பைக் காட்டியபோதுதான் அவன் முகம் மாறியது. படித்தவன், மருத்துவன். அவனே அப்படி நினைத்தான் என்றால், லீசு என்ற சொல் நம் ஊரில் எவ்வளவு பேரை வழி தப்ப வைக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

கணக்கு இப்படி. பேசுவதற்கு எளிதாக எண்களைக் கொஞ்சம் முழுமையாக்கியிருக்கிறேன். 2024 தொடக்கத்தில் வண்டியின் ஷோரூம் விலை 90 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்கு வாழ்நாள் வரி 20 விழுக்காடு, ஆகவே 18 லட்சம். காப்பீடு, பதிவுச் செலவு எல்லாம் சேர்த்து 4 லட்சம். சாலைக்கு வந்தபோது 1 கோடியே 12 லட்சம். 48 மாதக் குத்தகை, வரி உட்பட மாதம் 2.25 லட்சம். 26 மாதம் முடிந்துவிட்டது. மீதி 22 மாதத்துக்கு 49.5 லட்சம். கடைசியில் வண்டியை வாங்கிக்கொள்ள வேண்டுமானால் இன்னொரு 36 லட்சம். இன்றே ஒப்பந்தத்தை முடித்துக்கொள்வதானால் முன்முடிப்புக் கட்டணம் சேர்த்துச் சுமார் 78 லட்சம். இதே ஆண்டு, இதே நிலையிலுள்ள வண்டியைச் சந்தையில் வாங்கினால் 62 லட்சம்.

கடைசி இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வண்டியின் மேலுள்ள பாக்கி வண்டியின் விலையைவிட 16 லட்சம் அதிகம். இந்தப் பள்ளம் யாருடைய ஏமாற்றாலும் வந்ததில்லை. 18 லட்சம் வாழ்நாள் வரி அரசுக்குப் போய்விட்டது, வண்டியை விற்றால் திரும்பாது. ஆனால் அது தவணைக்குள் பிரித்து வைக்கப்பட்டிருக்கிறது. அதோடு 2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைப் பெரிய கார்களுக்கான வரி, ஜி.எஸ்.டி.யும் இழப்பீட்டு வரியும் சேர்ந்த 48 விழுக்காட்டிலிருந்து நேரே 40 விழுக்காடாகக் குறைந்தது. 90 லட்சம் வண்டிக்கு அது மட்டுமே ஏறத்தாழ 5 லட்சம். புதிய வண்டியின் விலை இறங்கினால் பழையதும் கூடவே இறங்கும். 2024இல் போட்ட ஒப்பந்தமோ பழைய விலையிலேயே நிற்கிறது.

ஆகவே கைமாறப்போவது வெறும் வண்டியன்று, இந்த 16 லட்சப் பள்ளமும் சேர்ந்துதான். முன்பணம் வேண்டாம் என்று அவர் சொல்வதன் பொருள் இதுதான். வேண்டாம் என்று அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கேட்பதற்கு அவர் கையில் ஒன்றும் இல்லை.

பத்திரம் எழுதி வண்டியைக் கொடுத்துவிடுவது

தம்பியிடம் முதலில் சொல்லப்பட்ட வழி இது. 200 ரூபாய் முத்திரைத்தாளில் ஒப்பந்தம், நோட்டரி கையெழுத்து, சாவி கைமாறும். தவணை அவர் கணக்கிலிருந்தே போகும், தம்பி மாதாமாதம் அவருக்கு அனுப்பிவிட வேண்டும். குத்தகை நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டியதில்லை. தரகர்கள் 'ரன்னிங் லோனோடு வண்டி' என்று சொல்லி விற்பது இதைத்தான். லாரியிலிருந்து டிராக்டர் வரை நம் மாவட்டத்தில் இப்படி ஓடும் வண்டிகள் ஏராளம். பழகிப்போனதாலேயே பயம் போய்விட்டது.

எனக்குப் போகவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் ஆற்காட்டில் என்னிடம் கணக்குக் கொடுத்திருந்த ஒரு மொத்த வியாபாரி, கடன் பாக்கியுள்ள காரை இப்படி ஒருவரிடம் வாங்கினார். பதினோரு மாதம் ஒரு நாள்கூடத் தவறாமல் தவணைப் பணத்தை அனுப்பினார். பெற்றுக்கொண்டவர் அதைக் கடனுக்குக் கட்டவே இல்லை. ஒரு நாள் காலை வீட்டு வாசலிலிருந்து நிதி நிறுவனத்தார் வண்டியை எடுத்துச் சென்றார்கள். அவரிடம் இருந்தது நோட்டரி பத்திரம் மட்டும். அதை வைத்து நிறுவனத்திடம் எதையும் கேட்க முடியவில்லை. ஏனென்றால் நிறுவனத்துக்கும் அவருக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. கட்டிய பணத்துக்காக வேலூர் நீதிமன்றத்துக்கு அலைந்தார். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த பணம் அது.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, குத்தகையிலுள்ள வண்டிக்கு, அந்த ஒப்பந்தத்தின்படி வண்டியைக் கைவசம் வைத்திருப்பவரையே உரிமையாளராகக் கருதுகிறது. தம்பி அந்த ஒப்பந்தத்தில் ஒரு தரப்பே அல்ல. எனவே அவன் ஓட்டும் வண்டிக்கு ஏற்றுமதியாளரே உரிமையாளராகத் தொடர்வார். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இந்த வழியில்தான். பல கை மாறிய கார் விபத்தில் சிக்கியபோது, பதிவுச் சான்றில் யார் பெயர் இருந்ததோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று தீர்ப்பானது. ராணிப்பேட்டைக்காரர் இதை அறிந்தால் இந்த யோசனையைச் சொல்லியிருக்கவே மாட்டார். தம்பி பள்ளிகொண்டா சுங்கச்சாவடி தாண்டி ஒரு விபத்தை உண்டாக்கினால், நோட்டீஸ் போவது அவர் வீட்டுக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. குத்தகையில் வண்டியின் உண்மையான சொத்துரிமை குத்தகை நிறுவனத்துடையது. ஐ.சி.டி.எஸ். என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம், பதிவுச் சான்று குத்தகைக்கு எடுத்தவர் பெயரில் இருந்தாலும் வருமான வரிக்கான தேய்மானச் சலுகை குத்தகைக்கு விட்ட நிறுவனத்துக்கே உரியது என்றது. பிறருடைய சொத்தை நம்பிக்கையின் பேரில் பெற்று, அவர்களுக்குத் தெரியாமல் மூன்றாம் நபரிடம் ஒப்படைத்தால், அது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆம் பிரிவில் நம்பிக்கை மோசடிப் புகாராக மாற இடம் உண்டு. கடன் வாங்கிச் சொந்தமாக வைத்திருக்கும் காரைவிடக் குத்தகைக் காரில் இந்த ஆபத்து ஒரு படி கூடுதல்.

காப்பீடும் கைவிடும். பாலிசி அவர் பெயரில் இருக்கும். தம்பி ஓட்டி வண்டி நொறுங்கினால், சொந்தச் சேதத்துக்கான இழப்பீட்டைக் கேட்க அவனுக்கு உரிமை இல்லை. அவர் கேட்டாலும் வண்டி வேறொருவரிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்தவுடன் சிக்கல் தொடங்கும்.

இந்த வழியை நான் ஒப்பீட்டில்கூட வைக்க விரும்பவில்லை. எவ்வளவு நெருங்கிய உறவாக இருந்தாலும் வேண்டாம். உறவாக இருந்தால் இன்னும் வேண்டாம்.

நிறுவனத்தின் சம்மதத்தோடு குத்தகையை மாற்றுவது

இது நேர்மையான வழி. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 62ஆம் பிரிவு, பழைய ஒப்பந்தத்தின் இடத்தில் புதிய ஒப்பந்தத்தை வைக்க அனுமதிக்கிறது. மூன்று தரப்பும் கையெழுத்திட வேண்டும்: நிறுவனம், பழைய குத்தகைதாரர், புதியவர். அதில் ஒரு வரியைத் தேடிப் பாருங்கள். பழையவர் இன்றைய தேதியிலிருந்து எல்லாப் பொறுப்பிலிருந்தும் விடுவிக்கப்படுகிறார் என்ற வரி இருக்கிறதா? இல்லையென்றால் அது மாற்றம் அல்ல, ஜாமீன். புதியவர் தவணை தவறினால் பழையவர் கதவைத் தட்டுவார்கள், அவருடைய கடன் மதிப்பெண்ணும் கெடும். குத்தகை மாற்றம் அன்றாட வழக்கமாகிவிட்ட அமெரிக்காவிலேயே சில நிறுவனங்கள் மாற்றிய பிறகும் பழையவரை முழுவதுமாக விடுவதில்லை. அங்கே வேலை பார்க்கும் நம் பிள்ளைகள் ஊர் திரும்பும்போது காரை இப்படி ஒருவரிடம் விட்டுவிட்டு வருவதுண்டு. காட்பாடியில் இறங்கிவிட்டோம், கதை முடிந்தது என்று நினைக்காமல், அந்த ஒரு வரியைப் படித்துவிட்டு விமானம் ஏறச் சொல்லுங்கள்.

புதியவர் பக்கம் வருவோம். நிறுவனம் தம்பியின் வருமானம், கடன் வரலாறு எல்லாவற்றையும் புதிதாகப் பார்க்கும். இந்தக் குத்தகை ஒரு ஏற்றுமதி நிறுவனத்தின் பெயரில் போடப்பட்டது. நிறுவனங்களுக்கு மட்டும் குத்தகை விடுபவர்கள் தனி மனிதரை ஏற்காமல் போகலாம். அதை முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிட வேண்டும், மற்ற கேள்விகளெல்லாம் அப்புறம்.

ஒப்புக்கொண்டால் அடுத்தது ஆர்.டி.ஓ. அலுவலகம். பதிவுச் சான்று யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தால் பெயர் மாற்றம் தேவைப்படாது. ஏற்றுமதியாளர் பெயரில், குத்தகைக் குறிப்போடு இருந்தால், படிவம் 29, 30 கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 51ஆம் பிரிவின்படி குத்தகை நிறுவனத்தின் எழுத்துபூர்வச் சம்மதம் இல்லாமல் அந்த மாற்றத்தைப் பதிய மாட்டார்கள். பிறகு காப்பீடு. உரிமை மாறியதை 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துப் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 157ஆம் பிரிவு. மூன்றாம் நபருக்கான பாதுகாப்பு வண்டியோடு தானே வந்துவிடும். சொந்தச் சேதத்துக்கான பாதுகாப்பு அப்படி வராது. 1996இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துச் சொல்லிவிட்டது. இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பழையவர் சேர்த்து வைத்த கட்டணக் கழிவான நோ கிளைம் போனஸும் அவரோடு போய்விடும். அது மனிதருக்கு உரியது, வண்டிக்கு அல்ல.

தம்பியிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான். குத்தகை ஒப்பந்தம், ஆர்.சி. புத்தகம், காப்பீட்டுப் பாலிசி. மூன்று தாள்களும் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒன்றில் அவர், ஒன்றில் நீ என்றிருக்கும் ஒரு நாள்கூட அந்த வண்டி சாலையில் ஓடக் கூடாது. சாவியைக் கடைசித் தாள் வந்த பிறகு வாங்கு.

சரி, தாள்கள் எல்லாம் ஒழுங்காக முடிந்தன என்றே வைத்துக்கொள்வோம். பணக் கணக்கு என்ன சொல்கிறது? 22 மாதத்தில் 49.5 லட்சம் கட்டுகிறான். கடைசியில் 36 லட்சம் கொடுத்து வாங்கி, அன்றைய சந்தை விலைக்கு, 46 லட்சம் என்று வைத்துக்கொள்வோம், விற்றால் 10 லட்சம் திரும்பும். ஆக இரண்டு வருடத்துக்குச் சற்றுக் குறைவான காலம் அந்த வண்டியை ஓட்ட அவனுக்கு ஆகும் செலவு 39.5 லட்சம்.

இதே வண்டியைச் சந்தையில் 62 லட்சத்துக்கு வாங்குகிறான் என்போம். 15 லட்சம் கையிலிருந்து, 47 லட்சம் கடன், 12 விழுக்காடு வட்டி, 60 மாதம். தவணை சுமார் 1.05 லட்சம். 22 மாதத்தில் 23 லட்சம் கட்டியிருப்பான், 33 லட்சம் பாக்கி நிற்கும். 46 லட்சத்துக்கு விற்றுப் பாக்கியைத் தீர்த்தால் 13 லட்சம் கையில். நிகரச் செலவு 25 லட்சம். காப்பீடு, டயர், சர்வீஸ் எல்லாம் இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

வேறுபாடு 14.5 லட்சம். முன்பணம் இல்லை என்ற சொல்லின் விலை அது. ராணிப்பேட்டைக்காரர் தம் பையிலிருந்து ஏறத்தாழ 15 லட்சத்தை எடுத்துக் கொடுத்துக் குத்தகையை மாற்றினால்தான் அது தம்பிக்குச் சமமான பேரம். ஆடம்பரக் கார்க் குத்தகைகளில் விலகுபவர் வருபவருக்குப் பணம் கொடுப்பது விசித்திரம் அல்ல, இப்படிப் பள்ளம் விழுந்திருக்கும்போது அதுதான் நியாயம். அவரும் யோசிக்க வேண்டும்: வேறு வழியில் போனாலும் அவர் இழப்பது அதே அளவுதான்.

முடித்து வாங்குவது, ஒப்படைப்பது

முடித்து வாங்குவது என்றால், ஏற்றுமதியாளர் 78 லட்சத்தைக் கட்டிக் குத்தகையை முடித்து, படிவம் 35இல் நிறுவனத்தின் கையெழுத்தோடு ஆர்.சி.யிலுள்ள குத்தகைக் குறிப்பை நீக்கி, வண்டியைத் தெளிவான உரிமையோடு தம்பிக்கு 62 லட்சத்துக்கு விற்பது. அவருக்கு 16 லட்சம் நட்டம், ஆனால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். ஜி.எஸ்.டி. பதிவுள்ள நிறுவனம் பழைய காரை விற்றால் 18 விழுக்காடு வரி உண்டு என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த வரி லாப அளவின் மேல்தான். கணக்கிலுள்ள தேய்மானம் போன மதிப்பைவிடக் குறைவாக விற்றால் வரி இல்லை.

இதில் உள்ள ஒரே கடினம், 78 லட்சத்தை முதலில் யார் புரட்டுவது என்பது. ஆர்டர் நின்றிருக்கும் தொழிலில் அது சின்னத் தொகை அல்ல. நடைமுறையில் இதற்கு ஒரு வழி உண்டு. தம்பிக்குக் கார் கடன் கொடுக்கும் வங்கி தன் 47 லட்சத்தையும், தம்பி தன் 15 லட்சத்தையும், அவர் தன் 16 லட்சத்தையும் ஒரே நாளில் குத்தகை நிறுவனத்தின் கணக்கிலேயே நேரடியாகச் செலுத்துவது. யாருடைய கையிலும் பணம் தங்காது. நிறுவனத்திடமிருந்து முன்முடிப்புத் தொகையைத் தேதி போட்டு எழுத்தில் வாங்கியிருக்க வேண்டும், அந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும். பழைய காருக்குக் கடன் தர வங்கி தயங்கினால், தம்பியின் மருத்துவமனைக் கட்டடம் இருக்கிறது. ஆனால் ஒரு காருக்காகக் கட்டடத்தை அடகு வைப்பதை நான் ஒப்பமாட்டேன்.

வண்டியை நிறுவனத்திடமே ஒப்படைத்துவிடுவது ஏற்றுமதியாளருக்கு மட்டுமான வழி. அவர்கள் ஏலத்தில் விற்று, குறையும் தொகையை அவரிடமே கேட்பார்கள். ஏல விலை சந்தை விலைக்குக் கீழேதான் வரும். வேறு ஆளே கிடைக்காதபோது பார்க்கலாம்.

தம்பி வேறொரு வண்டியைச் சந்தையில் பார்க்கலாம் என்பதையும் மறக்கக் கூடாது. அதில் ஒரு எச்சரிக்கை. புதுச்சேரி எண் தாங்கிய ஆடம்பரக் கார்கள் விலை குறைவாகக் கண்ணில் படும். அங்கே வரி குறைவு என்பதால் அங்கே பதியப்பட்டவை. வேறு மாநிலப் பதிவோடு ஒரு வண்டி 12 மாதத்துக்கு மேல் இங்கே இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும், இங்கே வரியும் கட்ட வேண்டும். குறைந்த விலை என்று தோன்றியது அங்கேயே நிகராகிவிடும். சென்னை வண்டியாக இருந்தால் 2023 டிசம்பர் வெள்ளத்தில் நின்றதா என்பதைச் சர்வீஸ் பதிவேட்டில் பார்க்க வேண்டும்.

ஸ்போர்ட்ஸ் கார் என்பதால் கூடுகிற சுமை

சாதாரணக் காரின் குத்தகையில் இவை பெரிதாகத் தெரியாது. இதில் தெரியும். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் என்ற வரம்பு இருக்கிறது, அதற்கு மேல் ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கட்டணம். வேலூரிலிருந்து சென்னை போய்வர ஏறத்தாழ 280 கிலோமீட்டர். வாரம் ஒரு முறை என்றால் வருடத்துக்கு 14,500ஐத் தாண்டிவிடும். பழையவர் 26 மாதத்தில் எவ்வளவு ஓட்டிவிட்டார் என்று பார்த்தேன்: 27,000. அதாவது வரம்பை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார். கணக்கைத் தீர்ப்பது குத்தகை முடியும் நாளில்தான். அன்று அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவரே கட்ட வேண்டும். மாற்றும் நாளில் ஓடோமீட்டர் எண்ணை ஒப்பந்தத்திலேயே எழுதி, அதுவரையிலான கூடுதல் கிலோமீட்டருக்கான பணத்தை அவரிடம் வாங்கிவிட வேண்டும்.

தேய்மானச் சோதனையும் அப்படித்தான். வண்டியைத் திருப்பும் நாளில் கீறல், உரசல், டயர், சக்கர விளிம்பு என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குப் போடுவார்கள். இந்த வண்டியின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு சாணில் பாதிதான். நம் தெருக்களின் வேகத்தடைகள் இதை நினைத்துப் போட்டவை அல்ல. அடியில் உரசல் இல்லாத இசட்4 வேலூர், ராணிப்பேட்டை வட்டாரத்தில் இருந்தால் நான் வியப்பேன். முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அகலம், ஒன்றை மற்றொன்றின் இடத்தில் மாற்றிப்போட முடியாது. பின் டயர்கள் சீக்கிரம் தேயும். ஆகவே சாவி வாங்கும் முன் சென்னைச் சர்வீஸ் மையத்தில் லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் படம் எடுத்து, கணினிச் சோதனை அறிக்கை வாங்கி, அதை மூன்று தரப்பு ஒப்பந்தத்தின் இணைப்பாக வைக்க வேண்டும். நம் ஊர் கத்திரி வெயிலில் துணிக் கூரையும் ரப்பர் ஓரங்களும் என்ன ஆகியிருக்கின்றன என்பதையும் பார்க்கச் சொன்னேன். தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்தியது முழு நட்டம். 2 வருடம் தாண்டி 3 வருடத்துக்கு உட்பட்ட காருக்கு வழக்கமான தேய்மான அட்டவணைப்படி 30 விழுக்காடு கழித்துத்தான் காப்பீட்டு மதிப்பு நிற்கும். 90 லட்சத்தில் 63 லட்சம். நாளை வண்டி திருடு போனாலோ சரிசெய்ய முடியாதபடி நொறுங்கினாலோ காப்பீடு தருவது 63 லட்சம், குத்தகை நிறுவனம் கேட்பது முன்முடிப்புத் தொகை. நடுவே 15 லட்சம், வண்டி இல்லாமல் கட்ட வேண்டிய பணம். முழு நட்டத்தில் வண்டியின் வாங்கிய விலையையே தரும் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் பாதுகாப்பை ஏற்றுமதியாளர் வாங்கியிருந்தார், அது பெயர் மாற்றத்துக்குப் பிறகும் தொடருமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

வரிச் சலுகை என்று தரகர் சொன்னதையும் தம்பி நம்பியிருந்தான். குத்தகைத் தவணையில் உள்ள ஜி.எஸ்.டி.யை இத்தகைய பயணிகள் காருக்கு உள்ளீட்டு வரியாக எடுத்து, கட்ட வேண்டிய வரியில் கழிக்க முடியாது, ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு தடுக்கிறது. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. விலக்கு என்பதால் அவனுக்கு அது எந்த வகையிலும் கிடைக்காது. வருமான வரியில் தொழில் பயன்பாட்டு அளவுக்குத் தவணையைச் செலவாகக் காட்டலாம். சொந்தமாக வாங்கினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு தேய்மானம். ஆனால் இரண்டு இருக்கை கொண்ட திறந்த காரை மருத்துவமனைச் செலவு என்று எவ்வளவு பங்கு காட்டுவது? அதிகாரி கேட்டால் நான்தான் பதில் சொல்ல வேண்டும். பெரும்பகுதி சொந்தப் பயன்பாடு என்றே எழுதுவேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

இத்தனைக்கும் பிறகு நான் அவனுக்குச் சொன்ன வரிசை இது. அந்த வண்டிதான் வேண்டும் என்றால், முன்முடிப்பு செய்து தெளிவான உரிமையோடு 62 லட்சத்துக்கு வாங்குவது முதல் தேர்வு. ஏற்றுமதியாளரால் 16 லட்சத்தை உடனே புரட்ட முடியவில்லை என்றால் மூன்று தரப்புக் குத்தகை மாற்றம். அப்போது 15 லட்சத்தில் ஒரு பகுதியை முதலிலும் மீதியைத் தவணை தோறும் தம்பிக்கு அவர் ஈடுகட்டுவதாக எழுதிக்கொள்ளலாம். அவர் தவணை தவறும் ஆபத்து அதில் உண்டு, அதனால் பின்தேதியிட்ட காசோலைகள் தேவை. இரண்டும் நடக்காவிட்டால் வண்டியை விட்டுவிட வேண்டும். இசட்4 வேறு இடத்தில் கிடைக்கும்.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அண்ணா, சின்ன வயதில் கோட்டை மைதானத்தில் ஒரு சிவப்புத் திறந்த கார் வந்து நின்றதே, நாம் இருவரும் சுற்றிச் சுற்றி வந்தோமே, நினைவிருக்கிறதா?" என்றான். இருந்தது. ஆசை பொய்யானதில்லை என்று எனக்குத் தெரியும். இருபது வருடம் இரவு பகல் பாராமல் உழைத்தவன் தனக்கென்று கேட்கும் முதல் பொருள் அது. அதனால்தான் அதை அவன் கையில் கோணலில்லாத தாள்களோடு பார்க்க விரும்புகிறேன்.

போன வெள்ளிக்கிழமை மூவரும் ராணிப்பேட்டையில் அவருடைய அலுவலகத்தில் உட்கார்ந்தோம். நோட்டரி பத்திரத்தை அவரே எடுத்து மேசை இழுப்பறையில் வைத்துவிட்டார். 2018 தீர்ப்பைப் பற்றிச் சொன்னபோது, "அப்படியானால் அவர் ஓட்டும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் வராதே" என்றார். முன்முடிப்புத் தொகையைக் கேட்டு நிறுவனத்துக்கு அங்கிருந்தே மின்னஞ்சல் போனது. தேதியிட்ட பதில் வந்ததும் வண்டி சென்னைக்குச் சோதனைக்குப் போகும். அதுவரை அது ராணிப்பேட்டையில், அவர் வீட்டு வாசலில், உறை போட்டு நிற்கிறது. சாவியும் அவரிடமே இருக்கிறது.